மன்னார்க் கழுதைகள்

ஒருவர் கதிரையிலிருந்து எழும்பும் விதத்தைப் பார்த்தே அவருக்கு எங்கே நோகிறது என்று அமலராணி சொல்லிவிடுவாள். டென்மார்க்கின் எஸ்பியர்க்கில், துறைமுகத்தை நோக்கி இறங்கும் தெருவொன்றில் இருக்கும் முதியோர் இல்லத்தில் அவளுக்கு இது இருபத்தாறாவது வருடம். நோவை வாய்விட்டுச் சொல்லாத டேனிஷ் கிழவர்கள் எத்தனையோ பேரை அவள் பார்த்துவிட்டாள். கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். ஆனால் ஒரு கை கதிரைப் பிடியை இறுக்கும். ஒரு கால் மற்றக் காலைவிடக் கொஞ்சம் பிந்தும். தாதி வருவதற்குள் இவள் குறிப்பு எழுதி வைத்திருப்பாள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும்.

இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் அவள் அவுஸ்திரேலியக் காற்பந்தில் வீரர்களைத் தெரிவுசெய்தாள்.

அந்த ஆட்டத்தை அவள் மைதானத்தில் பார்த்ததேயில்லை. முட்டை வடிவப் பந்து, கையில்லாத சட்டை, பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர் என்பதற்குமேல் விதிகளும் தெரியாது. மெல்பேணில் இருந்த தம்பி ஜெசிந்தன்தான் அவளை இதற்குள் இழுத்துவிட்டவன். கொரோனாக் காலத்தில் அவனும் அவனோடு ஒரே வீட்டில் இருந்த லவனும் கூட்டாளிகளைச் சேர்த்துப் போனில் ஒரு கற்பனைப் போட்டி நடத்தினார்கள். உண்மையான வீரர்களிலிருந்து ஆளுக்கோர் அணி எடுக்கவேண்டும். மைதானத்தில் அந்த வீரர் பந்தைப் பிடித்தால், உதைத்தால், எதிராளியை மடக்கினால், அவரை வைத்திருப்பவருக்குப் புள்ளி. ஒருவர் எடுத்த வீரரை இன்னொருவர் எடுக்க முடியாது. அதனால் வருடத் தொடக்கத்தில் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் போனில் கூடி, முறை வைத்து ஆட்களை எடுப்பார்கள். ஒன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். பத்தாவதாக ஆளில்லை.

"அக்கா, சும்மா பேருக்கு வாங்கோ. நான் எல்லாம் சொல்லித்தாறன்," என்றான் ஜெசிந்தன்.

பேருக்குத்தான் போனாள். அதற்கு முன்னால் அவர்கள் இருவருக்கும் கதைப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை என்பது உண்மை. அவள் மன்னாரிலுள்ள பேசாலையை விட்டுக் கலியாணத்துக்கென்று டென்மார்க் வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது, அவனுக்குப் பத்து. அதன்பிறகு அவர்கள் நேரில் சந்திக்கவேயில்லை. இடையில் சண்டை, முகாம், அப்பாவின் சாவு, அம்மாவின் சாவு. கடைசியில் அவன் கப்பலேறி அவுஸ்திரேலியா போய், வருடக்கணக்காய்த் தற்காலிக விசாவில் ஒரு குளிர்களஞ்சியத்தில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பான். சாப்பிட்டியோ, ஓம். வேலைக்குப் போனனியோ, ஓம். அங்க குளிரோ, ஓம். அதோடு முடிந்துவிடும். போனை வைத்தபிறகு அவளுக்கு யாரோ தெரியாதவனோடு கதைத்ததுபோல இருக்கும்.

காற்பந்து வந்தபிறகு அவர்களுக்குக் கதை வந்தது. வீரர்களின் பெயர்கள் அவள் வாயில் நுழையாததால் இருவருமாகத் தமிழ்ப்பெயர் வைத்தார்கள். நெடுநெடுவென்று வளர்ந்து, நடுவர் பந்தை மேலே எறிந்ததும் துள்ளித் தட்டுகிறவன் கொக்கு. கணக்கு வாத்தியார் முகத்தோடு மைதானம் முழுக்க ஓடுகிறவன் மாஸ்டர். சிவப்பு முடிக்காரன் செம்பட்டை. ஊர்த் தெருக்களில் கூட்டமாய்த் திரியும் கழுதைகளின் நினைவில் ஜெசிந்தன் தன் அணிக்கு 'மன்னார்க் கழுதைகள்' என்று பெயர் போட்டான். அவளுடைய அணிக்கும், டென்மார்க் குளிரை வைத்து, அவனே பெயர் போட்டான்: 'ஐஸ்பெட்டி.'

அவள் புள்ளிக் கணக்குப் பார்த்து ஆளெடுப்பதில்லை. வீடியோத் துண்டுகளில் வீரர்கள் விழுந்து எழும்புவதைப் பார்ப்பாள். இரண்டாம் வருடம் ஒருநாள், "கொக்குவின்ர இடுப்புச் சரியில்லை, தம்பி. வலது பக்கம். ஆளை மாத்து," என்றாள்.

"உங்கட கிழவர்மாரைப் பாக்கிற கண்ணால பாக்கிறியள். அவனுக்கு இருபத்து நாலு வயசு!"

மூன்றாம் வாரம் கொக்கு இடுப்பு நோவென்று வெளியே போனான். அன்றிலிருந்து ஜெசிந்தன் ஒவ்வொரு வெள்ளியும் அவளைக் கேட்காமல் அணியைப் பூட்டுவதில்லை. கேட்டுவிட்டு, அடுத்த வருடத் தெரிவில் அவள் ஆசைப்பட்ட ஆட்களையே அவளுக்கு ஒரு முறை முன்னால் பறித்துக்கொள்வான். அவள் ஏசுவாள். அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பை அவள் அதற்கு முன் கேட்டிருக்கவில்லை. தம்பிக்கு நாற்பது வயதானபிறகுதான் அவளுக்குத் தம்பி கிடைத்தான்.

கடந்த ஜனவரியில் வீடியோவில் கதைக்கும்போது அவன் இடது தோளை அடிக்கடி நீவிக்கொண்டிருந்தான். முகம் சாம்பல் பூத்ததுபோலத் தெரிந்தது. குசினி வெளிச்சம் அப்படி என்று நினைத்தாள். அதற்கு முந்தின வருடம்தான் அவனுக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்திருந்தது. கோடையில் டென்மார்க் வருவதாகச் சொன்னான். அதைப்பற்றியும் கொக்குவைப்பற்றியும் கதைத்தார்கள். தோளைப்பற்றி அவள் கேட்கவில்லை.

பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு அவன் அழைத்திருக்கிறான். வேலை நேரத்தில் போன் அலுமாரியில்தான் இருக்கவேண்டும் என்பது இல்லத்தின் விதி. மூன்று மணிக்கு உடை மாற்றும்போது எடுத்துப் பார்த்தாள். இரண்டு தவறிய அழைப்புகள். ஒரு செய்தி: "அக்கா, நேரம் கிடைச்சா எடுங்கோ."

மெல்பேணில் அப்போது இரவு ஒரு மணி. படுத்திருப்பான், எழுப்பக்கூடாது என்று நினைத்தாள். அதோடு, தெரிவு நெருங்கிவிட்டது. தன் வாயைக் கிண்டத்தான் எடுத்திருப்பான் என்றும் நினைத்தாள். நெற்றோக் கடைக்குப் போய்ப் பாலும் கறுப்புப் பாணும் வாங்கிக்கொண்டு, காற்றுக்கு எதிராகச் சைக்கிளை மிதித்து வீட்டுக்குப் போனாள்.

அன்று மாலை லவன் போன் எடுத்தான். அங்கே சனிக்கிழமை விடிந்திருந்தது. ஜெசிந்தன் குசினி நிலத்தில் கிடந்தான், அம்புலன்ஸ் வந்தது, ஒன்றும் செய்ய ஏலாமல் போய்விட்டது என்றான். மாரடைப்பு.

விசா வருவதற்குள் அடக்கம் முடிந்துவிடும் என்றார்கள். அவள் மடிக்கணினியில் தேவாலயத்து அடக்கப் பூசையைப் பார்த்தாள். படம் இரண்டு தடவை நின்றுபோனது. இரண்டாவது தடவை அது திரும்ப வந்தபோது சவப்பெட்டி கோயிலுக்குள் இல்லை.

முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை முடிவதற்கு முன்பே தெரிவு நாள் வந்துவிட்டது. தள்ளிவைப்போமா என்று லவன் குழுவில் கேட்டிருந்தான். வேண்டாம், அவனுடைய பெயரையும் பட்டியலிலிருந்து நீக்க வேண்டாம் என்று அமலராணிதான் எழுதினாள். ஏன் அப்படி எழுதினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அது ஒரு சனிக்கிழமை. மெல்பேணில் மாலை ஏழு, எஸ்பியர்க்கில் காலை ஒன்பது. குசினி மேசையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பத்துப் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. வழமையாக எல்லோரும் ஒருவரையொருவர் நக்கலடித்துச் செய்தி போடுவார்கள். அன்று ஒருவரும் ஒன்றும் போடவில்லை. இரண்டாவது முறை 'மன்னார்க் கழுதைகள்'. மூன்றாவது அவளுடையது.

கழுதைகளின் பெயர் பச்சையாக மின்னியது. ஆளுக்குத் தொண்ணூறு நொடி. எண்கள் குறைந்துகொண்டே போயின. அறுபது. முப்பது. பத்து. பூச்சியம்.

திரையில் ஒரு படம் தோன்றியது. கொக்கு.

அவள் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டாள். ஜனவரியில் அவள் சொன்னது அதுதான்: "இந்தமுறையாவது கொக்குவை எனக்கு விடடா."

மகள் சாருஜா அறையிலிருந்து வந்தாள். இருபத்திரண்டு வயது, தகவல் தொழில்நுட்பம் படிக்கிறவள். தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு டேனிஷில் என்னவென்று கேட்டாள். போனை எடுத்துத் தட்டிப் பார்த்தாள்.

"அம்மா, மாமா முதலே ஒரு லிஸ்ட் அடுக்கி வைச்சிருக்கிறார்," என்றாள், இந்தமுறை தமிழில், மெதுவாக. "ஆள் வராட்டி கொம்பியூட்டர் அந்த லிஸ்டில இருந்து எடுக்கும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அமலராணியும் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகும் இருபத்தொரு தடவை கழுதைகளின் முறை வந்தது. ஒவ்வொரு தடவையும் தொண்ணூறு நொடி. அந்த நேரம் முழுக்க அவன் அங்கே யோசித்துக்கொண்டிருப்பதுபோலவே இருந்தது. அவள் எடுக்க நினைத்த மாஸ்டரை எடுத்தான். செம்பட்டையை எடுத்தான். "அடப் பாவி," என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். சொன்ன குரல் ஏசுகிற குரலாகவே வந்தது. சாருஜா அவளுடைய தோளில் கை வைத்தாள்.

மார்ச்சில் ஆட்டங்கள் தொடங்கின. முதல் நான்கு வாரமும் கழுதைகள் கணினி அடுக்கிய மாதிரியே நின்றார்கள். இரண்டில் தோற்று, இரண்டில் வென்றார்கள். அவள் தன் அணியைப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பார்ப்பாள். ஒன்றும் மாறாமல் இருப்பது மூடிய அறையைப் பார்ப்பதுபோல ஓர் ஆறுதலாகவும் இருந்தது.

ஐந்தாம் வாரம் ஐஸ்பெட்டிக்கும் மன்னார்க் கழுதைகளுக்கும் போட்டி விழுந்தது. அவள் அன்று ஒரு நாள் லீவு எடுத்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குப் பார்த்தபோது கழுதைகளின் தலைவன் கொக்கு. பதினொன்றேகாலுக்குப் பார்த்தபோது தலைவன் மாஸ்டர். பின்வரிசையில் நோவுப்பட்ட ஒருவனை எடுத்துவிட்டு வேறொருவனை இறக்கியும் இருந்தது.

அவள் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். முன்பு வெள்ளிக்கிழமைகளில் இதே நேரத்தில்தான் அவன் மாற்றுவான். ஆட்டம் தொடங்க அரை மணி இருக்கும்போது. சாருஜாவிடம் காட்டினாள். அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"இது கொம்பியூட்டர் செய்யாது, அம்மா. ஆரோ உள்ளுக்குப் போயிருக்கினம்."

"ஆர்?"

"தெரியாது. மாமாவின்ர போன் ஆரிட்ட?"

அந்த வாரம் அவள் தோற்றாள், முப்பத்தெட்டுப் புள்ளியால். மாஸ்டருக்குத் தலைவன் என்ற வகையில் இரட்டைப் புள்ளி கிடைத்திருந்தது. இல்லத்தில் கிழவி ஒருத்தியின் தலையை வாரிவிடும்போதுகூட, எங்கோ ஒரு குசினியில் தம்பி உட்கார்ந்து விரலால் பெயர்களை இழுத்துக்கொண்டிருப்பது கண்ணில் வந்தது. கிழவி நோகிறது என்று கத்தியபிறகுதான் சீப்பை இறுக்கிவிட்டது தெரிந்தது. மன்னிப்புக் கேட்டாள். ஏழாம் வாரமும் கழுதைகளில் மாற்றம் நடந்தது. அதற்கடுத்த சனிக்கிழமை அவள் லவனுக்குப் போன் எடுத்தாள்.

லவனை அவளுக்கு ஜெசிந்தனின் சொல்லில்தான் தெரியும். வவுனியாப் பக்கத்துப் பெடியன், ஒரே கப்பலில் வந்தவன், குளிர்களஞ்சியத்திலும் ஒரே பிரிவு.

"தம்பியின்ர போன் உங்களிட்டயோ?"

அங்கே கதவொன்று மூடும் சத்தம் கேட்டது.

"ஓம் அக்கா."

"நீங்களோ மாத்திறது?"

"ஓம்." பிறகு அவன் வேகமாகச் சொன்னான்: "வேணுமெண்டு செய்யேல்லை அக்கா. வெள்ளிக்கிழமை பின்னேரம் ரெண்டு பேருமாய்த்தான் இருந்து பாப்பம். எனக்கு அந்த நேரத்தில என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. போனைத் திறந்தன். நோவுப்பட்டவன் ஒருத்தன் உள்ளுக்கு நிக்கிறான். அவன் இருந்தா விட்டிருப்பானே? மாத்தினன்."

"என்னிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொல்ல வெளிக்கிட்டா மற்றதையும் சொல்லவேணும், அக்கா."

"என்ன மற்றது?" என்றாள் அமலராணி.

"அண்டைக்குப் பின்னேரம் நெஞ்சுக்குள்ள ஏதோ செய்யுது எண்டவன். நான் வாய்வு எண்டன். இஞ்சி போட்டுத் தேத்தண்ணி வைச்சுக் குடுத்தன். லிஸ்டை முடிப்பம், பிறகு குறைஞ்சிடும் எண்டு சொன்னது நான்தான், அக்கா. ரெண்டு பேருமாய் இருந்து அடுக்கினம். பன்னிரண்டு மணிக்கு நான் படுத்திட்டன்."

"அவன்?"

"அவன் படுக்கேல்லை. குசினியிலதான் இருந்தவன். ரெண்டு மணிக்குத் தண்ணி குடிக்க வந்தன். அப்பவும் போனை முன்னால வைச்சுக்கொண்டு இருந்தான். போய்ப் படுடா எண்டன். அக்கா எடுப்பா எண்டான்."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். படுத்திருப்பான் என்று நினைத்ததுதான் இந்த மூன்று மாதமும் அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது. எழுப்பக்கூடாது என்றுதானே எடுக்கவில்லை என்று கணவனுக்குச் சொல்லியிருந்தாள், மகளுக்குச் சொல்லியிருந்தாள், பாதருக்கும் சொல்லியிருந்தாள். அவன் விழித்திருந்தான். மேசையிலிருந்து லவனின் குரல் சின்னதாக "அக்கா, அக்கா" என்று வந்துகொண்டிருந்தது. அவள் அதைத் தொடாமல் எழும்பிப் போய்ப் படியில் உட்கார்ந்தாள்.

அதன்பிறகு மூன்று வாரம் அவள் லவனோடு கதைக்கவில்லை. அவன் அனுப்பிய செய்திகளைத் திறக்கவுமில்லை. வாய்வு என்று சொன்ன அவனை வெறுத்தாள். தோளை நீவுவதைப் பார்த்துக்கொண்டே கொக்குவைப்பற்றிக் கதைத்த தன்னையும் வெறுத்தாள். உலகத்தின் மறுகரையில் ஓடும் தெரியாத பெடியனின் இடுப்பு நோவு அவளுக்குத் தெரிந்தது. சொந்தத் தம்பியின் நெஞ்சு, ஒரு சாண் திரைக்குள் கண்ணுக்கு முன்னால் இருந்தும் தெரியவில்லை. வேலைவிட்டு வரும் வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கை சட்டைப்பையிலுள்ள போனைப் பிடித்தபடி இருக்கும். சிலவேளை அது அதிர்வதுபோல இருக்கும். எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

ஐஸ்பெட்டியை அவள் தொடவில்லை. கழுதைகளை மட்டும் பார்த்தாள். லவனும் இப்போது அதைத் தொடுவதில்லை என்பது தெரிந்தது. தலைவன் மாறவில்லை. நோவுப்பட்டவர்கள் அப்படியே நின்றார்கள்.

ஜூன் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம். பெப்ரவரிக்குப் பிறகு சாப்பாட்டு நேரத்திலும் அவள் அலுமாரியிலிருந்து போனை எடுத்துவிடுவாள். ஊழியர் அறையில் பாண் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்த்தாள். பதினொன்று இருபது. கொக்குவின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு அடையாளம். இன்றைய ஆட்டத்தில் அவன் இல்லை. அவனுடைய இடத்துக்குக் கழுதைகளிடம் மாற்று ஆளும் இருக்கவில்லை. இன்னும் இருபது நிமிடத்தில் ஆட்டம் தொடங்கிவிடும். அந்த இடத்தில் பூச்சியம் விழும். நாளைக்குப் பத்துப் பேரும் பார்ப்பார்கள்: ஜெசிந்தன், கொக்கு, பூச்சியம்.

அதை அவளால் தாங்க முடியவில்லை. மற்றதெல்லாவற்றையும்விட ஒரு பூச்சியம் அவளை ஏன் அப்படி உலுப்பியது என்று பிறகு யோசித்தும் அவளுக்கு விளங்கவில்லை. பாண் பெட்டியை மூடினாள். லவனின் எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"லவன், கொக்கு இண்டைக்கு இல்லை."

"அக்கா..."

"பதினெட்டு நிமிசம் கிடக்கு. தம்பியின்ர போனை எடு. எடுபடாத ஆக்களில பாத்து ஒரு நெட்டையனைப் போடு. அந்தத் தாடிக்காரன் இருக்கிறானோ?"

"இருக்கிறான். ஆனா போன கிழமை சரியாய் விளையாடேல்லை."

"பரவாயில்லை. நான் அவன் விழுந்து எழும்பினதைப் பாத்தனான். உடம்பில ஒண்டுமில்லை. போடு."

அவன் தட்டுவது கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது.

"போட்டுட்டன், அக்கா." கொஞ்சம் பொறுத்து, "என்னில கோவம்தானே?"

"ஓம்," என்றாள். "இருக்குது. என்னிலயும் இருக்குது. ரெண்டும் போகுமோ எண்டு எனக்குத் தெரியாது. அவன் என்ன சொல்ல எடுத்தவன் எண்டு உனக்காவது தெரியுமோ?"

"தெரியாது, அக்கா. நான் கேக்கேல்லை. சத்தியமாய்த் தெரியாது."

வெளியே நடையில் யாரோ அழைப்பு மணியை அழுத்தியிருந்தார்கள். மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் எழும்பினாள்.

"நீ டொக்டரிட்ட நெஞ்சைக் காட்டினனியோ?"

"எனக்கென்ன, அக்கா, நான் நல்லாய்த்தான்..."

"திங்கக்கிழமை போ. போயிட்டு எனக்குச் சொல்லு." அவனை நீ என்று கூப்பிட்டுக் கதைத்ததைப் போனை வைத்தபிறகுதான் உணர்ந்தாள்.

லவன் திங்கட்கிழமை போனான். இரத்த அழுத்தம் கூடவாம், மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். அந்த வருடம் கழுதைகள் ஆறாவதாக முடித்தார்கள், ஐஸ்பெட்டி கடைசி. வெள்ளிக்கிழமைகளில் இருவரும் கதைத்தார்கள். சிலவேளை அணியை முடித்தபிறகும் போனை வைக்காமல், ஒன்றும் கதைக்காமல் இருப்பார்கள். அங்கே பைப்பில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். அந்தக் குசினியில் மூன்றாவதாக யாரோ இருப்பதுபோல இருவருக்கும் தோன்றியது.

செப்டெம்பரில் அவள் லீவெடுத்து மெல்பேணுக்குப் போனாள். கல்லறையில் கல்லு இன்னும் வைக்கவில்லை. ஓர் இலக்கமும் லவன் நட்ட சாமந்தியும் இருந்தன. அடுத்தநாள் லவன் அவளைப் பக்கத்து மைதானமொன்றுக்குக் கூட்டிப்போனான். பெரிய ஆட்டமில்லை, ஊர்ப் பெடியள் விளையாடுவது. அவர்கள் வேலியோடு நின்றார்கள். இரண்டு பேர் பந்துக்காகத் துள்ளி, அவளுக்கு மிகக் கிட்டத்தில் மோதி விழுந்தார்கள். எலும்பும் சதையும் நிலமும் சேர்ந்து எழுப்பிய அந்தச் சத்தத்தில் அவள் இரண்டடி பின்னால் போய்விட்டாள். ஐந்து வருடமாகப் பார்த்த வீடியோக்களில் இருந்ததெல்லாம் பாட்டும் கைதட்டலும்தான்.

"இவ்வளவு சத்தம் கேக்குமோ?" என்றாள். "அவன் ஒருநாளும் சொல்லேல்லையே."

"அவன் உங்களுக்கு எல்லாம் சொல்லுறவன் எண்டெல்லோ நான் நினைச்சிருந்தன், அக்கா."

"இல்லை, லவன். சொன்னதைவிடச் சொல்லாததுதான் கனக்க."

விழுந்த இருவரில் ஒருவன் உடனே எழும்பி ஓடினான். மற்றவன் முழங்காலில் கை ஊன்றி, தலையைக் குனிந்தபடி அங்கேயே இருந்தான். அவன் எழும்பும்வரை அமலராணி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.